அடுப்படிச் சுவருக்கு ஒரு சாந்து

பதுளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் நான் வேலைக்கு நின்ற காலத்தில்தான் டைல் ஒட்டும் பசைத்தூள் என்று ஒரு சாமான் புதிதாக வந்திறங்கியது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். சீமெந்து மூட்டையைவிடச் சின்ன மூட்டை, விலை மட்டும் பெரிது. தோட்டத்து ஆட்களும் நாட்டுப்புறச் சிங்கள ஆட்களும் வந்து அதைத் தட்டிப் பார்ப்பார்கள். "சீமெந்தும் மணலும் இருக்கையில இது என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். "இது நல்லா ஒட்டும்" என்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மூட்டையின் முதுகில் பொடி எழுத்தில் இங்கிலீசும் சிங்களமும் நிறைய இருந்தன, தமிழுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. கடையில் யாரும் அதைப் படித்ததில்லை. மருந்துக்கடைக்காரர் எல்லா மருந்தையும் குடித்துப் பார்த்துவிட்டா விற்கிறார்?

நான் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்ந்தது அம்மாவால்தான்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடம் போகும்போதே போனவள். ஒரு தடவை வந்து மறுபடி போய், இப்போது இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். பெட்டியைத் திறந்தால் வழக்கமாக வரும் பால்மா, சவர்க்காரம், பூப்போட்ட போர்வை எல்லாம் இருந்தன, நகை மட்டும் இல்லை. "நகை என்னத்துக்கு? அடுப்படிச் செவத்துக்கு டைல் பதிக்கப் போறேன்" என்றாள். அப்பா வெற்றிலையை மென்றபடி கூரையைப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான ஒரு காம்பிராவுக்கு டைலா என்று அவர் வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது. கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வீடோ தோட்டத்துக்குச் சொந்தம். இதில் சுவருக்கு டைல்.

அம்மாவிடம் அதற்குக் காரணம் இருந்தது. குவைத் வீட்டில் குசினிச் சுவர் முழுக்க வெள்ளை டைலாம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் அம்மா அதை மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். மேடம் வந்து விரலால் தடவிப் பார்ப்பாளாம். விரலில் பிசுக்கு ஒட்டினால் மறுபடி முதலிலிருந்து.

"அவ செவத்த இத்தன வருசம் தொடச்சாச்சு. என் செவத்த ஒரு தடவயாச்சும் தொடைக்கணும். போறதுக்கு முன்னால அதுக்கு முன்னுக்கு நின்னு ஒரு சோறாக்கி ஒங்களுக்குப் போட்டுட்டுப் போறேன்."

சுவரும் சோறும் என் காதில் விழவில்லை. போறதுக்கு முன்னால என்றதுதான் விழுந்தது. திரும்பிப் போகும் டிக்கட் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தங்கிவிட்டான். வீட்டில் நானும் இழுப்பு நோய்க்கார அப்பாவும்தான். அம்மா போகக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான் விசயம். "இருந்துரும்மா" என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். "இருந்து?" என்று திருப்பிக் கேட்டாள். இருந்து என்னத்தைத் தின்பது என்றுதான் அதற்குப் பொருள். அதனால் டைலைப் பிடித்துக்கொண்டேன். தன் கையால் ஒரு சுவரை அழகாக்கிக்கொண்டவளுக்கு அதை விட்டுப் போக மனசு வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மாவுக்கு அண்ணன் முறையான ஒரு மாமா மேசன் வேலை செய்தார். தோட்டத்துத் துரை பங்களாவின் குளியலறைக்கு டைல் பதித்தவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது, அதை அவரே எல்லோருக்கும் சொல்லிவந்தார். நான் கடையில் புதுப் பசைத்தூள் வந்திருப்பதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "மா மாதிரி இருக்கு அது. ரொட்டி சுடவா? சீமெந்துன்னா சீமெந்துதான் புள்ள." சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று, டைலை ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போடுவது, முதுகில் சீமெந்துப் பால் தடவி அப்புவது என்று தன் சட்டத்தைச் சொல்லி முடித்தார். அம்மா அவர் பக்கம் நின்றாள். கடைக்காரியின் பேச்சு வீட்டில் எடுபடவில்லை.

வேலைக்கு முந்தின நாள் அப்பா ஒரு காரியம் செய்தார். எங்கள் தோட்டத்தில் தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கொடுப்பார்கள். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் முதலில் சுவருக்கு வெள்ளை, பிறகுதான் மற்றது. அடுப்படிச் சுவரோ கரி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. நல்ல காரியம் நடக்கப்போகிற சுவர் அப்படியா இருப்பது என்று, மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு பூச்சுப் பூசிவிட்டார். இழுப்போடு ஸ்டூலில் ஏறி நின்று பூசினார் மனுசன். காலையில் வந்த மாமா, "அடடா, மச்சான் பொண்ணு பாக்க வர்ற மாதிரியில்ல செவத்த வச்சிருக்காரு" என்று மெச்சினார். எங்களில் யாருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

மாலைக்குள் சுவர் வெள்ளை வெளேரென்று நின்றது. மூலைக்கு மூலை சின்ன நீலப் பூ. பூப்போட்டதை அம்மாதான் எங்கள் கடைக்கு வந்து பொறுக்கியெடுத்தாள். மாமா கரண்டிப் பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக் காட்டினார். "சத்தம் நெறவா கேக்கணும். பொள்ளுன்னு கேட்டா உள்ள காத்து." எல்லாம் நிறைவாகத்தான் கேட்டன. காயும்வரை அடுப்பு மூட்டக் கூடாது என்றார். நாங்களும் முன் காம்பிராவில் மண்ணெண்ணெய் அடுப்பில் சமாளித்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் டக்கென்று ஒரு சத்தம். எலி என்று நினைத்தோம். பிறகு இன்னொன்று. நாங்கள் எழுந்து போவதற்குள் நடுச் சுவரில் ஒரு பாயளவு அப்படியே சரிந்து இறங்கியது.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. உடைசலுக்கு நடுவில் குந்தி, உடையாத ஒரு டைலை எடுத்துத் திருப்பினாள். சாந்து டைலைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. சாந்துக்கு மேல் வெள்ளையாக ஒரு தோல், அந்தத் தோலுக்கு மேல் கரி. "எனக்குக் குடுத்து வக்கல்ல" என்றாள். அப்பா வெளியே போய்விட்டார். எனக்கு மாமா மேல் வந்த கோபத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டியிருப்பேன், நல்ல வேளையாக அவர் பண்டாரவளைக்கு வேலைக்குப் போயிருந்தார்.

மறுநாள் அந்த டைலைக் கடதாசியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் முதலாளி பதுளை டவுனில் பழைய முஸ்லிம் வியாபாரி. எதைக் கேட்டாலும் அதைவிட விலை கூடியதை விற்றுவிடும் ஆள். அன்றைக்கு மட்டும் விற்கிற அவசரம் அவரிடம் இல்லை. நகத்தால் வெள்ளைத் தோலைச் சுரண்டினார்.

"டைல் விழல்ல புள்ள. சுண்ணாம்புதான் விழுந்திருக்கு. கரிக்கு மேல சுண்ணாம்பு, அதுக்கு மேல டைல். என்னத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?"

பசைத்தூள் மூட்டையைப் புரட்டிப் போட்டு, "படி" என்றார். இங்கிலீசை நான் படிக்க, சிங்களத்தை அவர் படித்தார். சுண்ணாம்பு, கரி, எண்ணெய் எதுவும் சுவரில் இருக்கக் கூடாது. டைலை ஊறப் போடக் கூடாது. தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூளில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கலக்கிச் சிறிது நேரம் விட்டு மறுபடி கலக்க வேண்டும், இறுகிப்போனால் தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது. மாமா செய்த எல்லாவற்றுக்கும் அதில் கூடாது என்று போட்டிருந்தது. இவ்வளவு நாளும் விற்ற சாமானை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன்.

"சூடுபடுற செவத்துக்கு இதுதான் சரி. சீமெந்துச் சாந்து முறுக்கா நிக்கும், சூட்டுல செவரு அசைஞ்சா விட்டுடும். இது கொஞ்சம் விட்டுக் குடுக்கும். சீக்கிரமும் காயும், ஒரு கிழமையில, ஏழே நாள்ல, ஒங்க உம்மா அடுப்பு மூட்டலாம். அதுவரைக்கும் நெருப்புக் காட்டப்படாது" என்றார்.

"இப்பவும் நாங்க காட்டலியே முதலாளி. அடுப்பே மூட்டல்ல."

"சாந்து சூடுபட்டு வெடிச்சிருக்கே. அப்ப சூடு எங்கயிருந்து வந்திச்சு?"

அதே கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா எழுந்து போய், டைல் விழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என் கையை இழுத்து வைத்தாள். எங்கள் அடுப்பு செத்துக் கிடந்தது, சுவரோ காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

எங்களது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். எங்கள் வாசல் ஹாலிஎலப் பக்கம் பார்க்கும், பின்வீட்டு வாசல் தெமோதரைப் பக்கம் பார்க்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கத்து அடுப்பும் எங்கள் அடுப்பும் அந்தச் சுவரில்தான் சாய்ந்திருந்தன. பிறந்ததிலிருந்து அங்கே இருக்கிறோம், டைல் பதிக்கும்போது ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

நினைவுக்கு வந்த பிறகுதான் பெரிய சிக்கல். பின்வீட்டு அத்தையோடு அம்மாவுக்குப் பேச்சில்லை. அம்மா முதல் தடவை போயிருந்த காலத்தில், "பெத்த புள்ளைய விட்டுட்டு அரபிக்காரன் புள்ளைக்குச் சோறூட்டப் போயிட்டா" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அத்தை சொன்னது, யாரோ மூலம் கடல் தாண்டி அம்மா காதுக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து ஒரு சாண் சுவருக்கு அப்பால் இருக்கிறவளை அம்மா இல்லாத ஆளாகவே வைத்திருந்தாள். இப்போது அந்த ஆள் ஒரு கிழமை அடுப்பு மூட்டாமல் இருக்க வேண்டும். யார் போய்க் கேட்பது?

"வேணாம். டைலும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்" என்றாள் அம்மா. ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தாள். லீவோ கரைந்துகொண்டிருந்தது. மறுநாள் பின்நேரம் கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பினாள். சுவரைத் தட்டினால் கேட்கும் வீட்டுக்கு லயத்தை முழுசாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நானும் பின்னால் போனேன், அடிதடி ஆனால் விலக்குவதற்கு.

அத்தை கொழுந்தெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா முற்றத்திலேயே நின்று, "மதினி, ஒரு கிழம அடுப்பு மூட்டாம இருக்க ஏலுமா?" என்று கேட்டாள். முன்னுரை கிடையாது, சுகம் விசாரிப்பு கிடையாது. அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூட்டாம? என்னத்தத் திங்கிறது, ஒன் டைலையா?"

நான் விலக்கத் தயாரானேன். ஆனால் அத்தை ஈரக் காலோடு உள்ளே போய், தன் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "இந்தச் சூட்டுலயா பதிச்சீங்க? புத்தி கெட்ட கழுதைங்களா, முன்னாடியே கேக்கிறதுக்கென்ன? லயக் கோடியில கல்லக் கூட்டிச் சேந்து ஆக்குவோம். வெறகு ஒன்னோடது" என்றாள்.

விழாமல் நின்ற டைலையும் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த இரண்டு நாளும் அப்பாவும் நானும் சுவரைச் சுரண்டினோம். வெள்ளைக்குக் கீழே கரி, கரிக்குக் கீழே பழைய வெள்ளை, அதற்கும் கீழே இன்னொரு கரி. எத்தனை தீபாவளி என்று சொல்ல முடியாது. அப்பா இருமி இருமிச் சுரண்டினார், நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை. கல்லும் பழைய பூச்சும் தெரிந்ததும் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினோம். பண்டாரவளையிலிருந்து திரும்பிய மாமா உடைசலைப் பார்த்ததும் பங்களாப் பேச்சை எடுக்கவில்லை. மேடு பள்ளத்துக்கு மெல்லிசாகப் பூசி, அது இறுகிய பிறகு மூட்டையைப் பிரித்தார். அப்போதும் கை பழக்கதோசத்தில் டைலைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் போடப் போய், நான் போட்ட சத்தத்தில் நின்றது.

கலக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். வாளித் தண்ணீரில் தூளைத் தூவித் தூவிக் கிளறினாள். ரொட்டிக்குப் பிசைவதைவிடத் தளர்ச்சி, தோசை மாவைவிடக் கெட்டி. கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும் என்று நான் வாசித்துச் சொல்ல, கவிழ்த்துப் பார்த்தாள். நின்றது. மாமா ஒரு தகரத் துண்டில் சீப்புப் போலப் பல் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். சாந்தைச் சுவரில் தடவி அந்தப் பல்லால் வரி இழுத்து, உலர்ந்த டைலை வைத்து அமர்த்தினார். உடைந்ததற்குப் பதில் வாங்கப் போனபோது நீலப் பூ கடையில் தீர்ந்திருந்தது. நடுச் சுவரில் வெறும் வெள்ளைதான் வைத்தோம்.

அந்தக் கிழமை முழுவதும் லயக் கோடியில், பழைய தகரத்துக்குக் கீழே, மூன்று கல் வைத்து இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சட்டியில் சமைத்தார்கள். வெலிமடை லீக்ஸ் கறியும் பருப்பும், ஒரு நாள் கருவாடு. முதல் நாள் இருவரும் உப்புக்கும் புளிக்கும் மட்டும் பேசினார்கள். பிறகு ஒரு நாள், தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது, அத்தை விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"நான் சொன்னேன்தான் புள்ள. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒன் மக பெரியவளாகி மூலையில உக்காந்திருந்திச்சு. நாந்தான் தலைக்குத் தண்ணி ஊத்துனேன். ஊத்த ஊத்த அது ஒன்னயத் தேடி அழுவுது. அந்தக் கோவத்துல பீலியடியில போயிச் சொன்னேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். சடங்கு நடந்தது அவளுக்குத் தெரியும், படமும் அனுப்பியிருந்தோம். படத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். "நீங்க ஊத்துனதுன்னு யாரும் சொல்லல்ல மதினி" என்றாள். எனக்கு அந்த நேரம் அழுகை வரவில்லை, இரண்டு பேர் மேலும் எரிச்சல்தான் வந்தது. என் கண்ணீரை என்னைக் கேட்காமல் சபையில் வைக்கிறார்களே என்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். பீலியடியில்தான் அழுதேன்.

கிழமை முடிந்ததும் அம்மா தன் பக்கத்து அடுப்பில் பால் காய்ச்சினாள். சொல்லிவைத்து அத்தையும் அந்தப் பக்கத்தில் மூட்டினாள். இரண்டு பக்கமும் நெருப்பு, நடுவில் எங்கள் சுவர். பால் பொங்கியது, சோறு வெந்தது, டைல் அசையவில்லை. நான் சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்பா பிறகு சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சாப்பிட்டதும் அம்மா ஈரத் துணியை எடுத்து மேலிருந்து கீழே, மூலை மூலையாகத் துடைத்தாள். முடித்துவிட்டுத் தன் விரலாலேயே தடவிப் பார்த்து, விரலை எங்களுக்குக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

அதற்கடுத்த கிழமை போய்விட்டாள். டைலைப் பற்றி நான் கட்டிய கோட்டை அவ்வளவுதான். பஸ் ஏறும்போது, "செவத்தப் பாத்துக்க" என்றாள். செவத்தை மட்டுமா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது.

பிறகு எங்கள் தோட்டத்துக்கும் கைபேசி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா குவைத்திலிருந்து கோல் எடுப்பாள். அப்பாவின் இழுப்பு, என் வேலை எல்லாம் கேட்ட பிறகு, "செவரு எப்பிடி?" என்பாள். "நல்லா இருக்கு" என்றால் நம்ப மாட்டாள். "தட்டு, கேப்போம்." நான் போனைச் சுவரோடு வைத்துக் கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டுவேன். குவைத்தில் ஏதோ ஒரு குசினியில் நின்று அம்மா எங்கள் சுவரைக் கேட்பாள். சில நாள் அந்தப் பக்கத்திலிருந்து அத்தையும் பதிலுக்குத் தட்டுவாள். "மதினிதானே அது?" என்று அம்மாவின் குரல் அப்படியே மாறும்.

ஒரு வெள்ளிக்கிழமை அடுப்புக்கு நேர் மேலே இருந்ததைத் தட்டியபோது சத்தம் மாறியிருந்தது. எனக்குக் கேட்டது. சொல்லலாமா என்று நினைப்பதற்குள் அவளுக்கும் கேட்டுவிட்டது.

"திரும்பத் தட்டு."

தட்டினேன்.

"பொள்ளுங்குதே. எது? அடுப்புக்கு மேல உள்ளதா?"

"ஆமா. மாமாவக் கூட்டியாரவா? கடையில பசை இருக்கு."

"யாரும் கை வக்காதீங்க. நான் வந்து பாத்துக்கிறேன்" என்றாள்.

ஒரு டைலுக்காக யாரும் கடல் தாண்டி வரமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அவளுடைய ஒப்பந்தக் கெடு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. முடிந்ததும் வந்தாள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் மறுபடி வீடு தேடி வந்தபோது, அம்மா அவனுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

வந்த அன்று பெட்டியை இறக்கிவைக்காமலே அடுப்படிக்குப் போய் அந்த டைலை விரல் முட்டியால் தட்டினாள். பொள்ளென்றுதான் கேட்டது. நாளைக்கே கடையிலிருந்து ஒரு பிடி தூள் கொண்டுவருகிறேன், கழற்றி ஒட்டிவிடலாம் என்றேன்.

"இருக்கட்டும்டி. விழுந்தா விழுவட்டும். எடுத்து ஒட்டுறதுக்குத்தான் நான் இருக்கேனே."